மஞ்சள் இரண்டு வழியாக வரும்

அக்கா மகனுக்குக் காய்ச்சல் தொடங்கிப் பதினோராவது நாள் காலையில் அக்கா போன் செய்தாள். "கண்ணு ரெண்டும் மஞ்சளா இருக்குடி. காமாலைதானே? நீ தினம் இதைத்தானே பார்க்கிறே, சொல்லேன்" என்றாள். நான் தினம் பார்ப்பது மனிதர்களை இல்லை, அவர்களுடைய ரத்தத்தை. பதினாறு வருஷமாகப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தத்தை ஸ்லைடில் இழுத்து, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற வேலை. நான் டாக்டர் இல்லை, அதனால் இதை யாரும் மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்தப் பையனுடைய ரிப்போர்ட்டுகளை மூன்று மாதம் பின்தொடர்ந்து பார்த்ததில், அரைகுறையாகத் தெரிந்திருந்த பல விஷயம் எனக்கே அப்போதுதான் துலங்கியது.

பையனுக்கு 19 வயது. முதலில் உடம்பு வலி, அப்புறம் காய்ச்சல், தொண்டை வலி. டான்சில் இரண்டும் வீங்கி வெள்ளையாகப் படலம் பூத்திருந்தது. கழுத்தின் முன்பக்கம் மட்டுமில்லாமல் பிடரி ஓரத்திலும் நெறி கட்டியிருந்தது. தொண்டை அப்படி இருந்தால் பாக்டீரியாத் தொற்று என்று எண்ணி அமாக்ஸிசிலின் கொடுப்பது சகஜம், கொடுத்தார்கள். மாத்திரை தொடங்கி ஐந்தாம் நாள் மார்பு, முதுகு, கை எல்லாம் செக்கச்செவேலென்று தடிப்பு. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தினார்கள். அதற்கு அடுத்த நாள்தான் கண் மஞ்சளானது.

விஷயம் தெரிந்தவர்களுக்கு இந்த வரிசையே போதும். பின்கழுத்து நெறி, வெள்ளைப் படலம், அமாக்ஸிசிலினுக்கு அப்புறம் தடிப்பு: இது மோனோ. முழுப் பெயர் இன்ஃபெக்ஷியஸ் மோனோநியூக்ளியோசிஸ், காரணம் எப்ஸ்டீன்-பார் வைரஸ். அந்தத் தடிப்பைக்கூட உண்மையான பென்சிலின் ஒவ்வாமை என்று பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. உடம்பின் எதிர்ப்பு மண்டலம் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் அந்த மருந்து உள்ளே போவதால் வருவது. 1960களில் வந்த பழைய அறிக்கைகளில் மோனோவோடு ஆம்பிசிலின் (அமாக்ஸிசிலின் மாதிரியே பென்சிலின் குடும்பத்து மருந்து) சாப்பிட்ட கிட்டத்தட்ட எல்லோருக்கும் தடிப்பு வந்ததாகச் சொன்னார்கள். பிற்கால ஆய்வுகளில் அது மூன்றில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனால் ஒரு தடவை "பென்சிலின் அலர்ஜி" என்று கோப்பில் எழுதிவிட்டால் அது ஆயுசுக்கும் கூடவே வரும், அதுதான் இதில் உள்ள தொல்லை. குணமான பிறகு முறையாகச் சோதித்துப் பார்த்து அந்த வரியை அடிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அவனுடைய ஸ்மியரை, அதாவது ஸ்லைடில் இழுத்த ரத்தத்தை, நானே பார்த்தேன். மொத்த வெள்ளையணு 16,400, அதில் லிம்போசைட் 68 சதவீதம். லிம்போசைட் என்பது சாதாரணமாகச் சின்னதாக, உருண்டையாக, அடர்ந்த ஊதா நிறத்தில் ஒரு பொட்டு வைத்தமாதிரி இருக்கும். இவனுடையவை பெரிதாக வீங்கி, விளிம்பு கலைந்து, பக்கத்தில் இருக்கிற சிவப்பணுக்களைச் சுற்றிப் பாவாடை விரித்தமாதிரி வளைந்து கிடந்தன, அந்த விளிம்பில் மட்டும் நீலம் கூடுதலாக. இவற்றுக்கு டவுனி செல் என்று பெயர், 1923இல் ஹால் டவுனியும் மெக்கின்லேயும் விவரித்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இதைப் பார்த்து லுகேமியாவோ என்று பயந்து ஓடிவருவார்கள். நானும் ஒரு காலத்தில் ஓடியிருக்கிறேன்.

இந்த வீங்கிய செல்கள் வைரஸ் பிடித்த செல்கள் இல்லை என்பதுதான் இதில் எனக்கு எப்போதும் வேடிக்கை. வைரஸ் பிடித்துக்கொள்வது பி லிம்போசைட்டுகளை. ஸ்லைடு முழுக்க நாம் பார்க்கிற அந்தப் பெரிய செல்களில் பெரும்பாலானவை, வைரஸ் பிடித்த பி செல்களைக் கொல்லக் கிளம்பிவந்த டி லிம்போசைட்டுகள். அதாவது நாம் பார்ப்பது திருடனை இல்லை, அவனைத் துரத்த வந்த கூட்டத்தை. காய்ச்சல், நெறி, மண்ணீரல் வீக்கம், அசதி எல்லாமே பெரும்பாலும் அந்தக் கூட்டத்தின் கைங்கர்யம். சின்னக் குழந்தைகளுக்கு இதே வைரஸ் வந்தால் ஒரு சளியோடு போய்விடுகிறது, பல சமயம் வந்த சுவடே தெரிவதில்லை. வளர்ந்தபிறகு முதல்முறையாக வந்தால்தான் இத்தனை கூத்து. உலகத்தில் பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் இந்த வைரஸைச் சுமந்துகொண்டிருக்கிறோம், நானும் சுமக்கிறேன், படிக்கிற நீங்களும் அநேகமாக.

வைரஸைக் கண்டுபிடித்தது 1964இல். ஆன்டனி எப்ஸ்டீன், இவோன் பார், பெர்ட் அச்சாங் மூவரும் பர்கிட் லிம்போமா என்ற புற்றுநோய்க் கட்டியின் செல்களை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது கிடைத்தது. அதற்கும் மோனோவுக்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது யாருக்கும் தெரியாது. அது தெரியவந்தது என்னைப்போல ஒரு லேப் டெக்னீஷியனால். ஃபிலடெல்ஃபியாவில் வெர்னர் ஹென்லே, கெர்ட்ரூட் ஹென்லே தம்பதியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் ரத்தத்தில் இந்த வைரஸுக்கு எதிர்ப்பொருள் இல்லை என்று முன்பே பார்த்து வைத்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு 1967இல் மோனோ வந்தது. திரும்ப வந்து ரத்தம் கொடுத்தபோது எதிர்ப்பொருள் இருந்தது. 1968இல் அதை வெளியிட்டார்கள். ஒரு ஊழியர் உடம்பு சரியில்லாமல் லீவு போட்டது மருத்துவ வரலாற்றில் இவ்வளவு பயன்பட்டது வேறு எங்காவது உண்டா, தெரியவில்லை. எங்கள் கூடத்தில் லீவு கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன், பலனில்லை.

சரி, கல்லீரலுக்கு வருகிறேன்.

அன்றைக்கு அவனுடைய கல்லீரல் என்சைம்கள் எஸ்.ஜி.பி.டி. 384, எஸ்.ஜி.ஓ.டி. 297. சாதாரணமாக 40 யூனிட்டுக்குள் இருக்க வேண்டியது. கண்ணை மஞ்சளாக்குகிற பிலிருபின் 4.1. அக்கா இந்த எண்களைப் பார்த்துவிட்டு "கல்லீரல் போயிடுச்சா?" என்று அழுதாள். போகவில்லை. மோனோ வந்தவர்களில் பத்தில் எட்டு ஒன்பது பேருக்குக் கல்லீரல் என்சைம் ஏறும், இயல்பைப்போல இரண்டு மூன்று மடங்கு, சிலருக்கு அதற்கும் மேல். இரண்டாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், அப்புறம் சில வாரங்களில் தானாக இறங்கிவிடும். பரிசோதித்தால்தான் தெரியும், பரிசோதிக்காதவர்களுக்குத் தெரியாமலே ஏறித் தெரியாமலே இறங்கும். ஹெபடைட்டிஸ் ஏ, பி மாதிரி ஆயிரக்கணக்கில் எகிறுவது இதில் அபூர்வம்.

இது ஏன் ஏறுகிறது என்பதில்தான் சுவாரசியம். ஹெபடைட்டிஸ் வைரஸ்கள் கல்லீரல் செல்லுக்குள் குடியேறிப் பெருகுபவை. எப்ஸ்டீன்-பார் அப்படிச் செய்வதில்லை. மோனோ வந்தவரின் கல்லீரலைப் பயாப்ஸி எடுத்துப் பார்த்தால், நுண்ணிய ரத்தப் பாதைகளில் லிம்போசைட்டுகள் மணி கோத்தமாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். வைரஸைத் தேடித் தனிச் சாயம் ஏற்றினால், கல்லீரல் செல்களில் பொதுவாக எதுவும் தெரியாது, நடுவில் நிற்கிற சில லிம்போசைட்டுகளில் மட்டும் தெரியும். உடம்பில் வேலை முடிந்த டி செல்களில் பெரும் பகுதி கல்லீரலில் சிக்கி அங்கேயே மடிகிறது. மோனோவில் அந்தக் கூட்டம் பிரம்மாண்டம். ரத்தத்திலுள்ள கொல்லும் டி செல்களில் பாதிக்குப் பாதிகூட இந்த ஒரே வைரஸைக் குறிவைத்தவையாக இருக்கலாம். அத்தனையும் கையில் ஆயுதத்தோடு கல்லீரலுக்குள் நுழைந்து, சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் புரதங்களைக் கொட்டிக்கொண்டு, அங்கேயே செத்து விழும்போது பக்கத்தில் சும்மா இருந்த கல்லீரல் செல்லுக்கும் அடி விழுகிறது.

இதைச் சொன்னால் உடனே "வேலியே பயிரை மேய்ந்த கதை" என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். இங்கே வேலி பயிரை மேயவில்லை. திருடனைத் துரத்த வந்த ஊர்ச்சனம் வயலில் இறங்கி ஓடியதில் பயிர் மிதிபட்டது, அவ்வளவுதான். கூட்டம் கலைந்ததும் பயிர் நிமிர்ந்துவிடும். வேலியே மேய்வது, அதாவது எதிர்ப்பு மண்டலம் தன் உடம்பையே குறிவைக்கிற ஆட்டோ இம்யூன் என்பது, வேறு சமாச்சாரம். அதுவும் மோனோவில் உண்டு. இரண்டையும் ஒரே கூடையில் போடுவதால்தான் இத்தனை குழப்பமும் பயமும் என்பது என் எண்ணம்.

அவனுக்கு இரண்டுமே இருந்தன. அது தெரிந்தது ஒரு குளிர்ந்த டியூபில்.

என்சைம் அந்த அளவுக்கு ஏறினாலும் கண் மஞ்சளாகும் அளவுக்கு மோனோவில் போவது நூற்றில் சுமார் ஐந்து பேருக்குத்தான். அதிலும் அவனுடைய பிலிருபின் 4.1இல் நேரடிப் பிலிருபின் (கல்லீரல் பதப்படுத்திய வகை) 1.3 மட்டும், மீதி மறைமுகம் (உடைந்த சிவப்பணுவிலிருந்து வந்து கல்லீரல் இன்னும் பதப்படுத்தாத வகை). கல்லீரல் வீங்கிப் பித்தம் தேங்கியிருந்தால் நேரடி வகை கூடியிருக்க வேண்டும். "காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்" என்பதை மாற்றிச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது: கண் மஞ்சளாக இருந்தால் பார்க்கிறவர்களுக்குக் கல்லீரல் மட்டும்தான் தெரிகிறது. மறைமுகப் பிலிருபின் கூடினால் சிவப்பணு எங்கோ உடைகிறது என்று ஒரு வார்த்தை யோசிக்க வேண்டும்.

மறுநாள் வந்த சாம்பிளை மெஷினில் ஓட்டினேன். ஹீமோகுளோபின் 10.2, முந்தைய வாரம் 14 இருந்தவனுக்கு. சிவப்பணு எண்ணிக்கை நம்பமுடியாத அளவு குறைவு, எம்.சி.ஹெச்.சி. 43. எம்.சி.ஹெச்.சி. என்பது ஒரு சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு அடர்த்தி என்கிற கணக்கு. 36, 37ஐத் தாண்டினால் ரத்தத்தைச் சந்தேகிப்பதற்கு முன்னால் மெஷின் ஏமாந்துவிட்டதா என்று பார்ப்பது வழக்கம். டியூபைச் சாய்த்துப் பார்த்தேன். கண்ணாடிச் சுவரில் ரத்தம் வழவழவென்று இறங்காமல் மணல் கலந்தமாதிரி பொடிப்பொடியாகத் திட்டுத்திட்டாக இறங்கியது. சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிட்டன, மெஷின் ஒரு கொத்தை ஒரு செல் என்று எண்ணியிருக்கிறது. டியூபை 37 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன். அரை மணி கழித்து எடுத்துச் சாய்த்தால் பொடி எதுவும் இல்லை, எண்ணெய் மாதிரி ஒழுகியது. உடனே சூட்டோடு மறுபடி ஓட்டினேன், சிவப்பணு எண்ணிக்கை சரியாகிவிட்டது. ஹீமோகுளோபின் மட்டும் 10.2லேயே நின்றது. மெஷின் ஹீமோகுளோபினை அளப்பதற்கு முன் செல்லையெல்லாம் உடைத்துவிடும், கொத்தாக இருந்தாலும் ஒன்றுதான், அதனால் அந்த எண் பொய் சொல்லாது.

இதற்குப் பெயர் கோல்ட் அக்ளூட்டினின். குளிரில் சிவப்பணுக்களை ஒட்டவைக்கிற ஐ.ஜி.எம். வகை எதிர்ப்பொருள். தன் உடம்பின் சிவப்பணுவுக்கு எதிராகத் தன் உடம்பே செய்த எதிர்ப்பொருள். இதுதான் வேலியே மேய்வது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. மோனோவில் வருகிற இந்த எதிர்ப்பொருள் வழக்கமாகக் குறிவைப்பது சிவப்பணுவின் மேலே உள்ள 'சின்ன ஐ' என்கிற சர்க்கரை அமைப்பை. பிறந்த குழந்தையின் சிவப்பணுக்களில் இது நிறைய இருக்கும், ஒன்றரை வயது வாக்கில் பெரும்பாலும் 'பெரிய ஐ' ஆக மாறிவிடும். பெரியவர்களின் சிவப்பணுவில் சின்ன ஐ மிச்சம் மீதிதான். ஆகவே ஆயுதம் செய்தாகிவிட்டது, அடிப்பதற்கு ஆள் அதிகம் இல்லை. அதனால்தான் மோனோ வந்த பலருடைய ரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள் தென்பட்டாலும் நிஜமாகவே ரத்தம் உடைந்து ஹீமோகுளோபின் இறங்குவது நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் போவதில்லை. அந்த மூன்று பேரில் ஒருவனாகப் போய் உட்கார்ந்துகொண்டான் இவன்.

சிவப்பணுவின் மேல் எதிர்ப்பொருளோ அதன் துணைப் புரதமோ ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற கூம்ப்ஸ் சோதனையும் பாசிட்டிவ். எதிர்ப்பொருள் கழன்றுபோயிருந்தாலும் அது விட்டுச்சென்ற காம்ப்ளிமென்ட் என்ற துணைப் புரதம் சிவப்பணுவின் மேல் ஒட்டியிருந்தது. ரெட்டிகுலோசைட் என்கிற இளம் சிவப்பணு ஏறியிருந்தது, அதாவது எலும்பு மஜ்ஜை உடைந்ததற்கு ஈடாகப் புதிதாக அனுப்பத் தொடங்கிவிட்டது. டாக்டரிடம் போனில் சொன்னேன். அவர் அவனைக் குளிர் படாமல் வைக்கச் சொன்னார், இரண்டு நாளைக்கு ஒருமுறை ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான். ஸ்டீராய்டு கொடுக்கலாமே என்று நான் இழுத்ததற்கு, "குளிர் வகைக்கு அது அவ்வளவாகக் கேட்காதும்மா, அதுவும் 10க்கு மேல இருக்கு, தானா நிக்குதான்னு பாப்போம்" என்றார். ஒன்பதரை வரை இறங்கி நின்றது. நான்கு வாரத்தில் ஏறிவிட்டது. ஸ்டீராய்டு மோனோவுக்குப் பொதுவான மருந்து இல்லை. டான்சில் வீங்கி மூச்சே அடைக்கிற நிலை, கடுமையாக ரத்தம் உடைவது, பிளேட்லெட் அபாயமாக இறங்குவது மாதிரி நேரங்களுக்கு எடுத்து வைத்திருக்கிற ஒன்று. அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து எச்சிலில் வருகிற வைரஸைக் குறைக்கும், நோயாளியின் அவஸ்தையைக் குறைப்பதாகத் தெரியவில்லை.

உடம்பு ஏன் இப்படித் தன்னைத்தானே அடிக்கிற எதிர்ப்பொருளைச் செய்கிறது? வைரஸ் குடியேறும் இடம் அப்படி. பி செல்தான் எதிர்ப்பொருள் செய்கிற பட்டறை. அதன் மேலே இருக்கிற சி.டி.21 என்ற கதவு வழியாக வைரஸ் உள்ளே நுழைகிறது. சாதாரணமாக ஒரு பி செல் பெருகவேண்டுமானால் இரண்டு அனுமதி தேவை. தன் ஏற்பியில் ஒரு அந்நியப் பொருள் வந்து சேர வேண்டும், கூடவே ஒரு டி செல் வந்து "சரி, செய்" என்று சொல்ல வேண்டும். தன் உடம்பையே அடையாளம் காட்டுகிற பி செல்கள் நம் எல்லோரிடமும் கொஞ்சம் உண்டு, இரண்டாவது அனுமதி கிடைக்காமல் அவை சும்மா கிடந்து செத்துப்போகும். இந்த வைரஸ் இரண்டு அனுமதிக்கும் போலிக் கையெழுத்துப் போடுகிறது. எல்.எம்.பி.2ஏ என்ற அதன் புரதம் முதல் சமிக்ஞையை நடிக்கிறது, எல்.எம்.பி.1 இரண்டாவதை. விளைவு, எந்த பி செல்லுக்குள் நுழைந்ததோ அது நல்லதா கெட்டதா என்று பாராமல் பெருகி எதிர்ப்பொருளைக் கொட்டுகிறது.

அதனால் மோனோ நேரத்து ரத்தத்தில் எதற்கும் உதவாத எதிர்ப்பொருள்கள் மிதக்கும். ஆட்டுச் சிவப்பணுவை ஒட்டவைக்கிற எதிர்ப்பொருள், குதிரைச் சிவப்பணுவை ஒட்டவைப்பது. நோயாளிக்கும் ஆட்டுக்கும் என்ன பகை? 1932இல் பால், பன்னெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கவனித்து எழுதினார்கள், வைரஸ் தெரியாத காலத்திலேயே அதை வைத்து நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை வந்துவிட்டது. இன்றைக்கு நாங்கள் ஐந்து நிமிஷத்தில் செய்கிற மோனோஸ்பாட் அதன் வாரிசு. முதல் வாரத்தில் அது நாலில் ஒரு தடவை நெகட்டிவ் என்று பொய் சொல்லும், இவனுக்கும் சொன்னது. வைரஸின் உறைக்கு எதிரான வி.சி.ஏ. ஐ.ஜி.எம். பாசிட்டிவாக, ஈ.பி.என்.ஏ. என்ற இன்னொரு வைரஸ் புரதத்துக்கான எதிர்ப்பொருள் இன்னும் வராமல் இருந்தால் தொற்று புதிது என்று அர்த்தம். இந்த ஈ.பி.என்.ஏ. எதிர்ப்பொருள் மெதுவாக, வாரக்கணக்கில் கழித்துத்தான் தலைகாட்டும்.

இந்தக் குப்பை எதிர்ப்பொருள்களால் மற்றப் பரிசோதனைகளும் கெடும். சைட்டோமெகலோ வைரஸ் ஐ.ஜி.எம். லேசாகப் பாசிட்டிவ் ஆகலாம், சிபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல். பொய்யாகப் பாசிட்டிவ் ஆகலாம் (ஒரு குடும்பத்தில் இது எவ்வளவு பெரிய சண்டையைக் கிளப்பும் என்று சொல்ல வேண்டியதில்லை), ருமட்டாய்டு ஃபாக்டர் வரலாம். இவனுக்கு வந்தது ஏ.என்.ஏ.வும் (தன் செல்களின் கருவுக்கு எதிரானது) ஸ்மூத் மசில் எதிர்ப்பொருளும் (தன் தசைக்கு எதிரானது).

அதை எழுதிக்கொடுத்தது வேறொரு டாக்டர். மஞ்சள், என்சைம், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரு நீளப் பட்டியலே போட்டார். கூடவே ஒரு ஸ்கேன், அதில் பித்தப்பைச் சுவர் தடித்திருக்கிறது, கல் இல்லை என்று வந்தது. அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்கச் சொல்லி ஒரு சீட்டும் கொடுத்தார்கள். மோனோவில் கல் இல்லாமலே பித்தப்பை வீங்குவது உண்டு, கத்தி படாமலே பெரும்பாலும் வடிந்துவிடும். இவனுக்கும் வடிந்தது. ஆனால் ஏ.என்.ஏ. 1:80, ஸ்மூத் மசில் பாசிட்டிவ், கல்லீரல் என்சைம் உயர்வு என்ற மூன்றும் ஒரே காகிதத்தில் வந்ததும் அக்கா இணையத்தில் தேடிப்பார்த்துவிட்டாள். ராத்திரி பதினொன்றரைக்குக் கூப்பிட்டு, "ஆட்டோ இம்யூன் ஹெபடைட்டிஸாம்டி, ஆயுசுக்கும் மாத்திரையாம்" என்றாள்.

அவளுக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். அந்த இரண்டு எதிர்ப்பொருளும் ஆட்டோ இம்யூன் ஹெபடைட்டிஸில் வருபவைதான். ஆனால் மோனோவின் உச்சத்தில் எடுத்த ரத்தத்தில் அவை குறைந்த அளவில் தெரிவதற்குப் பெரிய அர்த்தமில்லை. திருவிழாக் கூட்டத்தில் ஒருவன் ஓடுவதைப் பார்த்துத் திருடன் என்று பிடிக்கமுடியுமா? கூட்டம் கலைந்தபிறகும் ஓடுகிறானா என்று பார்க்க வேண்டும். என்சைம் ஆறு மாதமாகியும் இறங்காமல், ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருளின் மொத்த அளவு உயர்ந்தே இருந்து, எதிர்ப்பொருளும் அப்படியே நின்றால், அப்போதுதான் பயாப்ஸிவரை யோசிக்க வேண்டும்.

அப்படி நிற்பவர்களும் இருக்கிறார்கள், அதை மறைக்க விரும்பவில்லை. 1995இல் இத்தாலிய ஆய்வாளர்கள், ஆட்டோ இம்யூன் ஹெபடைட்டிஸ் நோயாளிகளின் ஆரோக்கியமான உறவினர்கள் 13 பேரைச் சில வருஷம் பின்தொடர்ந்ததை வெளியிட்டார்கள். அவர்களில் ஏழு பேருக்கு மோனோ வந்தது, அதில் இரண்டு பேருக்கு அதன் பின்னால் அந்தக் கல்லீரல் நோயே வந்துவிட்டது. அந்த இருவருக்கும் கல்லீரல் செல்லின் மேலே உள்ள ஒரு புரதத்தைத் தாக்காமல் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கிவைக்கிற கட்டுப்பாட்டில் ஏற்கெனவே ஓட்டை இருந்தது. அதாவது வைரஸ் புதிதாக நோயைக் கொண்டுவந்து வைக்கவில்லை, எரியத் தயாராக இருந்ததில் பொறி வைத்தது. 13 பேர் என்பது மிகச் சின்ன எண்ணிக்கை, ஆனாலும் குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தால் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்பதற்கு அது போதும். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

கல்லீரலைத் தாண்டி இன்னொன்றும் உண்டு. அமெரிக்க ராணுவத்தில் ஒரு கோடிப் பேருக்கு மேல் சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளை வைத்துச் செய்த ஆய்வு 2022இல் வந்தது. இந்த வைரஸ் தொற்றியபிறகு மல்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ் (எதிர்ப்பு மண்டலம் நரம்பின் உறையைத் தாக்கும் நோய்) வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறது என்று அதில் சொன்னார்கள். ஆராய்ந்த 801 நோயாளிகளில் ஒரே ஒருவருக்குத்தான் வைரஸ் தொற்றியதற்கு அடையாளம் இல்லை. அதே ஆண்டு, வைரஸின் ஈ.பி.என்.ஏ.1 புரதத்தில் ஒரு துண்டு நரம்பு மண்டலத்தில் உள்ள கிளியல்கேம் புரதத்தின் துண்டு ஒன்றைப்போலவே இருப்பதால் ஒரே எதிர்ப்பொருள் இரண்டையும் பிடிப்பதை இன்னொரு குழு காட்டியது. இதை அக்காவிடம் நான் சொல்லவில்லை. 90 சதவீதம் பேரிடம் வைரஸ் இருக்கிறது, அந்த நோய் வருவது அதில் அபூர்வமான சிலருக்கு. இதை ராத்திரி பதினொன்றரைக்குச் சொல்லிப் புரியவைக்கும் திறமை எனக்குக் கிடையாது.

நிஜமாகவே பயப்பட வேண்டியவை வேறு. வாந்தியோடு குழப்பமாகப் பேசுவது, தூங்கிக்கொண்டே இருப்பது, ரத்தம் உறையும் நேரம் நீள்வது: இவை கல்லீரல் கைவிடுவதன் அடையாளம், மோனோவில் மிக மிக அபூர்வம், வந்தால் ஒவ்வொரு மணியும் முக்கியம். காய்ச்சல் இறங்காமல் மூன்று வகை ரத்த அணுக்களும் ஒன்றாகச் சரிந்து ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) பல ஆயிரங்களுக்குப் போனால் ஹீமோஃபேகோசைட்டோசிஸ், அங்கே துரத்த வந்த கூட்டம் கலைய மறுத்துவிடுகிறது. பிறவியிலேயே அந்தக் கூட்டத்தைக் கலைக்கும் சாவி இல்லாத பையன்கள் இருக்கிறார்கள், எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது, ஒரே குடும்பத்தில் பல ஆண் பிள்ளைகளை மோனோ கொன்றதைப் பார்த்து 1975இல் முதலில் விவரித்தார்கள். அப்புறம் மண்ணீரல். இடது விலாவுக்குக் கீழே திடீரென்று வலி, கூடவே இடது தோளில் வலி வந்தால் அது கிழிந்திருக்கலாம், ஓட வேண்டியது அவசரச் சிகிச்சைக்கு. அதனால்தான் மூன்று நான்கு வாரத்துக்கு முட்டிமோதுகிற விளையாட்டு கூடாது. இவனுக்கு உடம்பு வலியைவிட அதுதான் பெரிய வலி. "சித்தி, லேசா ஓடலாம்ல?" என்று தினமும் மெசேஜ். கூடாது. மது கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போடலாம், சொன்ன அளவுக்குமேல் ஒன்றுகூடக் கூடாது, கல்லீரல் ஏற்கெனவே மிதிபட்டிருக்கிறது.

வயதானவர்கள் விஷயத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நாற்பது தாண்டியபிறகு முதல்முறையாக இந்த வைரஸ் வந்தால் தொண்டையும் நெறியும் பெரிதாகத் தெரியாமல், காய்ச்சலும் மஞ்சளும் மட்டும் முன்னால் நிற்கலாம். பித்தக்குழாய் அடைப்பா, கட்டியா என்று ஸ்கேன்மேல் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு ஸ்மியரை யாராவது நிதானமாகப் பார்த்தால் அந்தப் பாவாடை விரித்த செல்கள் அங்கே இருக்கும். என் தொழில் அபிமானம் என்று சொன்னாலும் பரவாயில்லை.

மூன்று மாதம் கழித்து அவன் தானே வந்து ரத்தம் கொடுத்தான். எடை கூடியிருந்தான். எஸ்.ஜி.பி.டி. 27, பிலிருபின் 0.8, ஹீமோகுளோபின் 14.3. ஏ.என்.ஏ. நெகட்டிவ், ஸ்மூத் மசில் நெகட்டிவ். ஈ.பி.என்.ஏ. எதிர்ப்பொருள் வந்துவிட்டது. அக்காவுக்கு அத்தனையையும் படம் எடுத்து அனுப்பினேன், "அப்போ அந்த வைரஸ் போயிடுச்சா?" என்று கேட்டாள். போகாது, உனக்கும் இருக்கும் என்றேன். அரை நிமிஷம் பேசவில்லை, அப்புறம் "எனக்கு எப்படி இருக்கும்?" என்று சண்டைக்கு வந்தாள்.

அவன் கிளம்பிப் போனபிறகு அந்த டியூபை ஃபிரிட்ஜில் வைத்தேன். யாரும் கேட்கவில்லை, எந்த ரிப்போர்ட்டிலும் அது வராது. ஒரு மணி நேரம் கழித்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கையில் சில்லென்று இருந்தது. ரத்தம் ஒரு பொடிகூட இல்லாமல் கண்ணாடிச் சுவரில் வழுக்கி இறங்கியது.